அயர்லாந்து வெள்ளி டீ செட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பெரும்பாலும் பேசப்படுவது 1800-க்கும் 1840-க்கும் இடையில் டப்ளினில் தர முத்திரை (ஹால்மார்க்) பெற்ற மூன்று உருப்படி செட்: டீபாட், சர்க்கரைக் கிண்ணம், பால் ஜாடி. ஏலங்களில் அதிகம் கண்ணில் படுவது இந்தக் காலத்து வேலைதான். கேள்விகளில் பாதி முத்திரையைப் பற்றியே வருவதால் அதிலிருந்து தொடங்குகிறோம்.

அடியில் நான்கைந்து குட்டி முத்திரைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் என்ன?

கிரீடம் வைத்த யாழ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டப்ளின் பொற்கொல்லர் சங்கம் 1637-இல் முதலாம் சார்லஸ் மன்னரிடம் சாசனம் பெற்றது. அப்போதிருந்து ஸ்டெர்லிங் மாற்றுக்கு, அதாவது ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளிக்கு, அடையாளம் இந்த யாழ்தான். இங்கிலாந்து வெள்ளியில் நடக்கும் சிங்கம் செய்கிற வேலையை இங்கே யாழ் செய்கிறது.

அடுத்தது உட்கார்ந்திருக்கும் பெண். இவள் ஹைபர்னியா, அயர்லாந்தின் பெண் உருவம். வெள்ளிக்கு அவுன்சுக்கு ஆறு பென்ஸ் வரி விதித்தபோது, வரி கட்டியாயிற்று என்பதற்காக 1730-இல் வந்த முத்திரை இது. 1807-இல் அந்த வேலையை மன்னரின் தலை முத்திரை எடுத்துக்கொண்டது. ஆனாலும் ஹைபர்னியாவை யாரும் நீக்கவில்லை. காலப்போக்கில் அவளே டப்ளினின் அடையாளம் ஆகிவிட்டாள். மன்னர் தலை 1890 வரை தொடர்ந்தது. ஆகவே தலை முத்திரை இருந்தால் பொருள் 1807-க்கும் 1890-க்கும் இடைப்பட்டது. தலை விக்டோரியாவுடையது என்றால் 1837-க்கு முன் போகவே முடியாது.

மீதி இரண்டில் ஒன்று ஆண்டைச் சொல்லும் எழுத்து, மற்றொன்று செய்தவரின் பெயர் எழுத்துகள். சில செட்டுகளில் விற்ற கடையின் பெயரும் தனியாக அடித்திருக்கும். 'வெஸ்ட்' என்று முழுப் பெயராக இருந்தால் அது பெரும்பாலும் கடைக்காரர் பெயர். தட்டிய கை வேறொருவருடையதாக இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: ஹைபர்னியாவைப் பிரிட்டானியா (பிரிட்டனின் பெண் உருவம், ஆயிரத்தில் 958 பங்கு வெள்ளிக்கு அடையாளம்) என்று தவறாகப் படித்து, 958 மாற்று வெள்ளி என்று விற்கிறார்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். பக்கத்தில் யாழ் சாய்ந்திருந்தால் ஹைபர்னியா.

ஆண்டு எழுத்து 'ஏ'. எந்த 'ஏ'?

எழுத்து வரிசை முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வரும். டப்ளினில் 1797, 1821, 1846, 1871 என்று 'ஏ' திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. எழுத்தை மட்டும் வைத்து ஆண்டு சொல்பவரை நம்ப வேண்டாம். எழுத்தின் வடிவம், அதைச் சுற்றியிருக்கும் கேடயத்தின் வடிவம், யாழுக்கும் ஹைபர்னியாவுக்கும் உள்ள கேடயம், மன்னர் தலை இருக்கிறதா, யாருடைய தலை என்று ஐந்தையும் ஒன்றோடொன்று ஒத்துப் பாருங்கள். 1797-இன் 'ஏ' பக்கத்தில் மன்னர் தலை இருக்கவே கூடாது. இருந்தால் ஆண்டைத் தவறாகப் படிக்கிறீர்கள், அல்லது பொருளிலேயே ஏதோ சரியில்லை.

தேய்ந்த முத்திரையைப் படிக்கத் துணியால் தேய்க்காதீர்கள். அறையை இருட்டாக்கிவிட்டு, ஒரு டார்ச்சைப் பொருளின் மட்டத்திலேயே வைத்துப் பக்கவாட்டில் வெளிச்சம் அடியுங்கள். கண்ணுக்குத் தெரியாத கேடய விளிம்பு நிழலில் எழுந்து நிற்கும்.

யாழும் இல்லை, ஹைபர்னியாவும் இல்லை. 'ஸ்டெர்லிங்' என்ற சொல்லும் இரண்டு எழுத்துகளும் மட்டும். போலியா?

பெரும்பாலும் இல்லை. கார்க், லிமெரிக் நகரங்களில் தரச் சோதனை அலுவலகம் கிடையாது. டப்ளினுக்கு வெள்ளியை அனுப்புவது செலவு, வழியில் திருட்டு பயம் வேறு. அதனால் அங்கிருந்த கைவினைஞர்கள் தங்கள் பெயர் எழுத்துகளோடு 'ஸ்டெர்லிங்' என்று தாங்களே அடித்தார்கள். இப்படிப்பட்ட பொருள்கள் குறைவு என்பதால் டப்ளின் செட்டை விட இவற்றுக்குத் தேவை அதிகம்.

கார்க் வேலையில் 'சிடி' மேலேயும் 'ஐடபிள்யூ' கீழேயும் இருந்தால் அது கார்டன் டெரியும் அவர் மகள் ஜேன் வில்லியம்ஸும் சேர்ந்து நடத்திய பட்டறை. 1807 முதல் 1821 வரை. 'ஜேன்' என்பதற்கு ஏன் 'ஐ' என்று கேட்பார்கள். அந்தக் காலத்து முத்திரைகளில் 'ஜே'க்குப் பதில் 'ஐ' போடுவதுதான் வழக்கம். கணவர் இறந்த பின் தகப்பனோடு சேர்ந்து பட்டறையை நடத்திய பெண்ணின் பெயர் வெள்ளியிலேயே நிற்கிறது. இந்த முத்திரையைப் பார்த்தால் கொஞ்ச நேரம் கையில் வைத்திருங்கள்.

டீபாட் உடம்பு முழுக்கப் பூவும் இலையும் புடைத்து நிற்கின்றன. அச்சில் வார்த்ததா?

உடம்பு வார்ப்பு அல்ல. கால்களும் மூடியின் குமிழும் பொதுவாக வார்ப்பு. மூக்கு சிலவற்றில் வார்ப்பு, சிலவற்றில் இரண்டு பாதித் தகடுகளைச் சேர்த்துப் பொடி வைத்து ஊதியது, அதாவது சூட்டில் உருகும் வெள்ளிப் பொடியால் ஒட்டியது.

உடம்பு ஒரு தட்டையான வட்டத் தகட்டிலிருந்து எழும்புகிறது. தகட்டை இரும்புப் பட்டறைக் கம்பத்தின் மேல் சாய்த்து, நடுவிலிருந்து விளிம்பு நோக்கி வட்டம் வட்டமாகச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போவார்கள். ஒரு சுற்று முடிந்ததும் வெள்ளி விறைத்துவிடும். மேலும் தட்டினால் விளிம்பில் வெடிக்கும். அதனால் ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் 600 முதல் 650 டிகிரி செல்சியஸ் வரை, மங்கலான சிவப்பு தெரியும் அளவுக்குக் காய்ச்சிப் பதப்படுத்த வேண்டும். வெளிச்சத்தில் அந்தச் சிவப்பு தெரியாது, ஆகவே நிழலான மூலையில் காய்ச்சுவார்கள். சூடு தாண்டினால் ஆபத்து. ஸ்டெர்லிங் வெள்ளி 802 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும், வேலையெல்லாம் ஒரு நொடியில் குழைந்து போகும்.

வயிறு அகன்று கழுத்து குறுகிய பிறகுதான் நகாசு. இங்கே ஒரு சிக்கல்: குறுகிய வாய்க்குள் சுத்தியல் நுழையாது. அதற்கென்று ஒரு கருவி உண்டு. நீண்ட இரும்புக் கம்பி, இரண்டு முனையும் எதிரெதிர்ப் பக்கம் வளைந்தது. ஒரு முனையை இடுக்கியில் இறுக்கி, மறு முனையைப் பாத்திரத்துக்குள் விட்டு, பூ எழ வேண்டிய இடத்துக்கு நேர் கீழே வைப்பார்கள். பிறகு இடுக்கிக்குப் பக்கத்தில் கம்பியைச் சுத்தியலால் தட்டுவார்கள். அடி விழுவது வெளியே. கம்பி துள்ளி, உள்ளிருக்கும் முனை வெள்ளியை உள்ளிருந்து குத்தி மேலே எழுப்பும். ஒவ்வொரு துள்ளலுக்கும் ஒரு சிறு மேடு. இப்படி மொட்டுகளுக்கு மேடு எழுப்பிய பின், பாத்திரத்துக்குள் தார்ப்பிசினும் செங்கல் பொடியும் கொழுப்பும் கலந்து உருக்கி ஊற்றி இறுகவிடுவார்கள். இனி வெளியிலிருந்து சிறு உளிகளால் இதழையும் நரம்பையும் பிரிப்பார்கள். இந்த உளிகள் வெட்டுவதில்லை, வெள்ளியை அழுத்தித் தள்ளுகின்றன. பின்புலம் முழுக்க மணல் தூவியது போலப் புள்ளி அடித்தால்தான் பளபளப்பான பூ அதிலிருந்து எழுந்து தெரியும்.

இதை நீங்களே சரிபார்க்கலாம். விரலை உள்ளே விட்டுத் தடவுங்கள். வெளியே மேடு இருக்கும் இடத்தில் உள்ளே பள்ளம் இருக்க வேண்டும்.

பூ வேலை பிறகு சேர்த்தது என்கிறார்கள். அப்படி உண்டா?

உண்டு, நிறையவே உண்டு. 1780-களிலும் 1790-களிலும் செய்த வழவழப்பான பாத்திரங்கள் விக்டோரியா காலத்து ரசனைக்கு வெறுமையாகத் தெரிந்தன. ஐம்பது ஆண்டுகள் கழித்து அவற்றைப் பட்டறைக்கு அனுப்பிப் பூப்போட்டுக்கொண்டார்கள்.

அடையாளம் மூன்று. வடிவமும் வேலையும் பொருந்தாது: நேரான பக்கமும் மெல்லிய கோட்டு விளிம்பும் கொண்ட பாத்திரத்தின் மேல் தடித்த சுருள் இலைகள். முத்திரையின் மேல் உளித்தடம் ஏறியிருக்கும் அல்லது முத்திரை இழுபட்டிருக்கும். செய்தபோதே போட்ட நகாசு முத்திரைக்கு இடம் விட்டுப் போகும். மூன்றாவது, மெலிவு. அரை நூற்றாண்டு துடைத்துத் தேய்ந்த தகட்டை மறுபடி இழுத்துப் புடைக்க வைத்ததால் மேடுகளின் உச்சியில் தகடு தாள் போல இருக்கும். உள்ளே ஒரு சிறு விளக்கை வைத்து வெளியிலிருந்து பாருங்கள். ஊசித் துளைகள் நட்சத்திரம் போலத் தெரிந்தால் அந்த டீபாட் தண்ணீர் தாங்காது.

பிற்காலப் பூ வேலை குற்றமல்ல. ஆனால் ஆதி வேலை என்ற விலையில் அதை வாங்கக் கூடாது.

அடியில் ஊசியால் கீறியது போல '24=10' என்று இருக்கிறது.

எடைக் குறிப்பு. 24 டிராய் அவுன்ஸ், 10 பென்னிவெயிட். ஒரு டிராய் அவுன்ஸ் 31.1035 கிராம், ஒரு அவுன்சுக்கு 20 பென்னிவெயிட். ஆக 24.5 அவுன்ஸ், சுமார் 762 கிராம். இன்று தராசில் 750 வந்தால் அது இருநூறு ஆண்டுத் துடைப்பு. 700 வந்தால் எதையோ எடுத்திருக்கிறார்கள். 800 வந்தால் எதையோ சேர்த்திருக்கிறார்கள்: புதுக் கைப்பிடி, புதுக் கால், உள்ளே ஒட்டுத் தகடு. இவ்வளவு உதவும் குறிப்பை அழுக்கென்று நினைத்துத் தேய்த்து அழித்தவர்கள் உண்டு. மரக் கைப்பிடி கொண்ட டீபாட்டில் குறிப்பு மரத்தைச் சேர்த்தா, சேர்க்காமலா என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மூன்று உருப்படியிலும் ஆண்டு எழுத்து வேறு வேறாக இருக்கிறது.

ஓராண்டு வித்தியாசம், ஒரே கைவினைஞர், ஒரே நகாசு என்றால் கவலை வேண்டாம். முத்திரை எழுத்து மாறும் நேரத்தில் பட்டறையிலிருந்து போயிருக்கும். செய்தவர் வேறு, ஆண்டும் ஐந்தாறு தள்ளி என்றால் அது பின்னாளில் ஒன்று சேர்த்த செட். பூக்களை ஒப்பிட்டுப் பாருங்கள்: டீபாட்டில் ரோஜா, கிண்ணத்தில் நெருஞ்சி என்றால் பிறந்த வீடு வேறு. கால்களையும் ஒப்பிடுங்கள். சிங்க முகமும் நகப் பாதமும் அயர்லாந்து சர்க்கரைக் கிண்ணத்திலும் பால் ஜாடியிலும் நெடுங்காலம் விரும்பப்பட்ட அமைப்பு. ஒரே செட் என்றால் சிங்கத்தின் பிடரி ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும்.

மூடியையும் மறக்காதீர்கள். மூடியின் உள்பக்கத்தில் ஓரிரு முத்திரையாவது வேண்டும். இல்லையென்றால் மூடி மாறியிருக்கலாம்.

கைப்பிடியின் இரு முனையிலும் வெள்ளை வளையம் எதற்கு?

உலோகங்களிலேயே வெப்பத்தை மிக அதிகம் கடத்துவது வெள்ளி. கொதிநீர் ஊற்றிய டீபாட்டின் வெள்ளிக் கைப்பிடியை வெறுங்கையால் பிடிக்க முடியாது. அந்தச் சூட்டை வழியில் தடுக்கத்தான் இந்த வளையம். பழைய செட்டில் அது பெரும்பாலும் யானைத் தந்தம், சில சமயம் எலும்பு. எலும்பில் லென்ஸ் வழியே கரும்புள்ளிகளும் கோடுகளும் தெரியும். தந்தத்தின் வெட்டு முகத்தில் ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள் தெரியும்.

இரண்டு பக்கமும் சின்ன வெள்ளி ஆணி வளையத்தைப் பிடித்திருக்கிறது. பாத்திரத்தை முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்தால் தந்தம் உப்பும், காய்ந்தால் சுருங்கும், கடைசியில் ஆணித் துளையிலிருந்து விரிசல் ஓடும். கைப்பிடி ஆடத் தொடங்கியதும் பசை ஊற்றாதீர்கள். ஆணியைக் கழற்றி வளையத்தை மாற்றுவது நல்ல வெள்ளி வேலைக்காரருக்குச் சின்ன வேலை. பசை இறங்கிவிட்டால் அதுவே பெரிய வேலையாகிவிடும்.

சட்டமும் உண்டு. பிரிட்டனில் 2022 ஜூன் முதல் தந்த விற்பனைக்குத் தடை அமலில் இருக்கிறது. 1947-க்கு முந்தைய பொருளில் தந்தம் கன அளவில் பத்து சதவீதத்துக்குக் குறைவு என்றால் பதிவு செய்து விற்கலாம். இந்தியாவில் தந்த வணிகத்துக்கு இடமே இல்லை. வெளிநாட்டிலிருந்து டீபாட் வரவழைக்க நினைப்பவர்கள் வளையம் எதனால் ஆனது என்று பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள்.

வெள்ளி முலாமா, முழு வெள்ளியா?

மேட்டின் உச்சியையும் கால் நுனியையும் பாருங்கள். செம்பு நிறம் எட்டிப் பார்த்தால் பழைய ஷெஃபீல்ட் தகடு, அதாவது செம்பின் மேல் வெள்ளித் தகட்டை ஒட்டியது. மஞ்சள் கலந்த சாம்பல் தெரிந்தால் நிக்கல் கலவை மேல் மின்முலாம். இந்த முறை 1840-க்குப் பிறகு பரவியது. 'இ.பி.என்.எஸ்.' (நிக்கல் கலவை மேல் வெள்ளி மின்முலாம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற நான்கு எழுத்துகளைத் தனித்தனிக் கேடயத்தில் அடித்து ஹால்மார்க் போலத் தோன்ற வைப்பது வழக்கம்.

பழுது பார்த்திருக்கிறார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வாயால் ஊதுங்கள். கண்ணாடியில் ஊதுவது போல மேற்பரப்பில் ஆவி படரும்போது, பொடி வைத்து ஊதிய கோடும் ஒட்டுத் தகடும் வேறு நிறமாகச் சில நொடிகள் தெரியும். மூக்கின் அடி, கால் சேரும் இடம், மூடிக் கீல், கைப்பிடிக் குழல் ஆகிய நான்கும்தான் முதலில் விட்டுப்போகும் இடங்கள். கால் உள்ளே அமுங்கியிருந்தால், யாரோ பாத்திரத்தை வேகமாக மேசையில் வைத்திருக்கிறார்கள்.

சாம்பல் நிறத்தில் வழிந்து இறுகியது போலத் தெரிந்தால் ஈயப் பற்று. இதுதான் மிக மோசமான பழுது. ஈயம் இருக்கும் இடத்தில் வெள்ளிப் பொடி வைத்துச் சூடு காட்டினால் ஈயம் வெள்ளியை அரித்துத் துளை போட்டுவிடும். புதிதாகப் பழுது பார்ப்பவர் முதலில் ஈயத்தைத் துளி விடாமல் சுரண்டி எடுக்க வேண்டும். கொடுக்கும்போதே "இங்கே ஈயம் இருக்கிறது" என்று சொல்லிக் கொடுங்கள்.

பாத்திரம் முழுக்க ஒரே வெளுப்பாகப் பளீரென்று இருந்தால் மேலே மின்முலாம் ஏற்றிப் பழுதை மறைத்திருக்கலாம்.

சர்க்கரைக் கிண்ணத்தின் உள்ளே மஞ்சளாக இருக்கிறதே?

பொன் முலாம். பால் ஜாடிக்கும் உண்டு. தங்கத்தை வெள்ளி போலப் பாலும் காற்றும் கறுக்கச் செய்வதில்லை. அந்தக் காலத்தில் தங்கத்தைப் பாதரசத்தில் குழைத்துப் பூசிச் சூட்டில் பாதரசத்தை ஆவியாக்கினார்கள். அதன் புகை தொழிலாளிகளின் உடலைக் கெடுத்தது. உள்பக்கத்தைப் பாலிஷ் தொடவே கூடாது. ஈரத்துணி போதும்.

எப்படிச் சுத்தம் செய்வது? வீட்டில் புளியும் விபூதியும் போட்டுத்தான் தேய்ப்போம்.

குத்துவிளக்குக்கும் பஞ்சபாத்திரத்துக்கும் செய்வதை இதற்குச் செய்யாதீர்கள். புளியின் அமிலம் மூட்டுகளில் தங்கும். விபூதியில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது. ஒரு மணல் துகள் போதும். பற்பசையும் சபீனாவும் அறவே கூடாது. நகாசின் நுணுக்கம் நிற்பது மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு ஆழத்தில்தான். தேய்க்கும் ஒவ்வொரு முறையும் இதழின் நரம்பு முதலில் போகும், பிறகு இதழ், கடைசியில் ஒரு வழுக்கை மேடு மிஞ்சும். அதை எந்தப் பட்டறையும் திருப்பித் தர முடியாது.

வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம். மெல்லிய பருத்தித் துணி. கைப்பிடி வளையம் நனையாமல் கழுவி, உடனே துடையுங்கள். பெரும்பாலும் இதுவே போதும். கறுப்பு ஏறியிருந்தால் மெல்லிய சாக்பொடியைத் தண்ணீரில் தயிர்ப் பதத்துக்குக் குழைத்து, பஞ்சால், அழுத்தாமல் தேயுங்கள். முத்திரை இருக்கும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம்.

அலுமினியத் தாளும் சோடாவும் கலந்த கொதிநீரில் முக்குவதை வீடியோக்களில் காட்டுகிறார்கள். கறுப்பு போகும், உண்மை. ஆனால் பூவின் அடிப்பள்ளத்தில் இருக்கும் கறுப்பும் சேர்ந்து போய்விடும். அந்த நிழல் இல்லாமல் பூ தட்டையாகிவிடும். நகாசுக்காரர் அந்த நிழலை நம்பித்தான் உளி பிடித்தார்.

ஊதா கலந்த சாம்பல் நிறத் திட்டுகள் எவ்வளவு துடைத்தும் போகவில்லையா? அது கறுப்பு அல்ல. வெள்ளியிலுள்ள செம்பு சூட்டில் ஆழமாக ஆக்ஸிஜனேறிய கறை. மேலே இருந்த தூய வெள்ளிப் படலம் தேய்ந்ததால் வெளியே வந்திருக்கிறது. இனித் துடைத்தால் கூடத்தான் செய்யும். நிறுத்திவிடுங்கள்.

இதில் டீ போட்டுக் குடிக்கலாமா?

தாராளமாக. முதலில் குழாய்த் தண்ணீர் நிரப்பிக் கால்மணி நேரம் காகிதத்தின் மேல் வைத்து ஒழுகுகிறதா பாருங்கள். பிறகு வெந்நீரால் சூடாக்கி, கொட்டிவிட்டு, இலை போடுங்கள். அடுப்பில் மட்டும் ஏற்றாதீர்கள். இது கெட்டில் அல்ல. ஈயப் பற்று எங்காவது இருந்தால் 200 டிகிரிக்குள்ளேயே உருகிக் கால் கழன்றுவிடும். உள்ளே டீக்கறை படிந்தால் வெந்நீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா போட்டு இரவு முழுக்க விடுங்கள், வளையத்துக்குக் கீழே நிற்கும் அளவுக்கு. ப்ளீச்சிங் திரவம் வெள்ளியை அரிக்கும். மூக்கின் அடியிலுள்ள வடிதுளைகளில் இலை சிக்கினால் மென்மையான குழாய்த் தூரிகை. ஊசியால் குத்தினால் துளை கிழியும்.

பழைய குடும்பத்தின் எழுத்தோ சின்னமோ பொறித்திருக்கிறது. அழித்துவிடலாமா?

வேண்டாம். அழிப்பது என்றால் அந்த ஆழத்துக்குத் தகட்டைத் தேய்ப்பது. அந்த இடம் மெலிந்து, கட்டை விரலால் அழுத்தினால் டின் டப்பா போல உள்ளே போய் வரும். சின்னம் இருக்க வேண்டிய வளையத்துக்குள் வெறுமை தெரிந்தால், முன்னால் இருந்த ஒருவர் அதைச் செய்துவிட்டார் என்று அர்த்தம்.

பின்னல் கோடும் பாம்பு போல நெளியும் விலங்கும் கொண்ட செட் எந்தக் காலம்?

பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கமும். 1850-இல் டாரா ப்ரூச் (உடையில் குத்தும் அணி ஊசி), 1868-இல் ஆர்டா கிண்ணம் என்று பழங்கால அயர்லாந்து வேலைகள் மண்ணிலிருந்து கிடைத்தன. டப்ளின் கடைகள் அந்தப் பின்னலைத் தேநீர் செட்டிலும் போட்டன. எட்மண்ட் ஜான்சன் பட்டறையின் 'ஈஜே' முத்திரை இவற்றில் வரும்.

எப்படி வைப்பது?

அமிலம் இல்லாத தாளில் சுற்றி, கறுக்காத துணிப் பையில். ரப்பர் வளையம், செய்தித்தாள், கம்பளி மூன்றிலும் கந்தகம் உண்டு. ரப்பர் வளையம் இருந்த இடத்தில் விழும் கறுங்கோடு பல சமயம் நிரந்தரம். கடலோர ஊர்களில் பையோடு சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று வையுங்கள். டீபாட் மூடியை முழுக்க மூட வேண்டாம், சிறு தாள் மடிப்பை இடுக்கில் வைத்துக் காற்று போகவிடுங்கள்.

வயிற்றில் ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. உள்ளிருந்து கரண்டியால் தள்ளலாமா?

கூடாது. பள்ளம் விழுந்தபோதே அந்த இடத்து வெள்ளி நீண்டு விறைத்திருக்கிறது. கரண்டிக் காம்பு ஒரே புள்ளியில் குத்தி, பள்ளத்துக்குப் பதில் கூர்மேட்டைத் தரும். மேலே சொன்ன துள்ளும் கம்பியும், அந்த வளைவுக்கு ஏற்ற இரும்புக் கம்பமும் வைத்திருக்கும் ஒருவரால் மட்டுமே இதை எடுக்க முடியும். வழவழப்பான இடம் என்றால் எளிது. பூவின் மேல் விழுந்த பள்ளம் என்றால், உள்ளே தார்ப்பிசின் நிரப்பி உளியால் இதழை மீண்டும் தொட வேண்டியிருக்கும். அதற்கு முன் செய்த ஒரு நகாசு வேலையைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதவரிடம் கொடுக்காதீர்கள். பள்ளத்தோடு இருப்பதே அந்த டீபாட்டுக்கு நல்லது.